வால்ட்டில் வைத்த சீக்ரெட் ரன் ஹிஸ்டரியில் பல்லிளிக்கிறது – எங்கே கோட்டை விட்டோம்?

#1 மூன்றாம்ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நாலு பேர் டீம். அஸூர் டேட்டா ஃபேக்டரியில (மைக்ரோசாஃப்ட் கிளவுடுல டேட்டாவை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தற சர்வீஸ்) முப்பது சொச்சம் பைப்லைன், அதாவது டேட்டா நகர்த்தற ஜாப், ஓடுது. முன்னாடி ஒவ்வொரு லிங்க்டு சர்வீஸ்லயும் (ஒரு டேட்டாபேஸுக்கோ சர்வருக்கோ போற இணைப்பு விவரம்) பாஸ்வேர்டை நேரா அடிச்சு வெச்சிருந்தோம். ஆடிட்ல கேள்வி வந்ததும் மூணு வாரம் மெனக்கெட்டு எல்லாத்தையும் கீ வால்ட்டுக்கு (ரகசியங்களைப் பூட்டி வைக்கற அஸூர் பெட்டகம்) மாத்தினோம். ரிப்போர்ட்ல பச்சை நிறம் வந்துது. நாங்களும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம்.

நேத்து ராத்திரி ஒரு ரன் ஃபெயில். மானிட்டர் பக்கம் போய் ஆக்டிவிட்டி (பைப்லைனோட ஒரு படி) ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். நடுவுல ஒரு வெப் ஆக்டிவிட்டி, அதாவது ஒரு வெப் முகவரியைக் கூப்பிடற படி. அதோட அவுட்புட்ல "வேல்யூ"ன்னு ஒரு வரி, பக்கத்துலயே எங்களுக்கு டேட்டா குடுக்கற வெளி ஏபிஐயோட (அவங்க சிஸ்டத்துலேர்ந்து டேட்டா வாங்கற வாசல்) கிளையன்ட் சீக்ரெட், பாஸ்வேர்டு மாதிரி. முழுசா. ஒரு நட்சத்திரக் குறி கூட இல்ல. முந்தின நாள் ரன், அதுக்கு முந்தின நாள் ரன், எல்லாத்துலயும் அதே வரி.

வால்ட்ல வெச்சா பத்திரம்னுதானே சொன்னாங்க?

#2 குழாய்க்காரன்

முதல் வேலையாக அந்த சீக்ரெட்டை மாற்றுங்கள். காரணத்தை அப்புறம் பேசலாம்.

#3 மூன்றாம்ஷிஃப்ட்

காலைலயே மாத்தியாச்சு அண்ணா. பழசு இனி செல்லாது.

#4 குழாய்க்காரன்

நல்லது. இனி காரணம்.

டேட்டா ஃபேக்டரியில் வால்ட்டிலிருந்து எடுக்க இரண்டு வழி உண்டு. லிங்க்டு சர்வீஸில் "பாஸ்வேர்டு இந்த வால்ட்டில் இந்தப் பெயரில் இருக்கிறது" என்று பெயரை மட்டும் குறிப்பிடலாம். இணைப்பு திறக்கும் நேரத்தில் சர்வீஸே உள்ளுக்குள் எடுத்துக்கொள்ளும், ரன் ஹிஸ்டரிப் பக்கம் அது வராது. நீங்கள் போனது இன்னொரு வழி: வெப் ஆக்டிவிட்டி வைத்து வால்ட்டின் ரெஸ்ட் முகவரிக்கு (வெப் வழியே கேட்கும் முகவரி) ஒரு கெட், அதாவது "கொடு" என்ற கோரிக்கை, அனுப்புவது. வந்த பதில் ரகசியமா, வெறும் வானிலை விவரமா என்று ஃபேக்டரிக்கு எப்படித் தெரியும்? ஆக்டிவிட்டியின் அவுட்புட் என்று அப்படியே பதிந்து வைத்துவிடும்.

அந்த ஆக்டிவிட்டியில் "செக்யூர் அவுட்புட்" என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த ஆக்டிவிட்டி அந்த மதிப்பை ஹெடரில் வாங்குகிறதே, அதன் "செக்யூர் இன்புட்" டிக் செய்யாவிட்டால் ரகசியம் ஒரு பெட்டி தள்ளி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் செட் வேரியபிள் போட்டு அதில் ஏற்றியிருந்தால் அதையும் பாருங்கள், அதுவும் ஹிஸ்டரியில் விழும்.

ரன் விவரங்களை ஃபேக்டரி 45 நாள் வைத்திருக்கும். இன்றைக்கு டிக் போட்டாலும் பழைய ரன்களில் பழைய சீக்ரெட் ஒன்றரை மாதம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். மாற்றுவதுதான் முதல் வேலை என்று சொன்னது அதற்காகத்தான். லாக் அனலிடிக்ஸுக்கும் (அஸூரில் லாக்குகளைச் சேர்த்து வைத்துத் தேடும் இடம்) அனுப்புகிறீர்களா? அங்கே ஆக்டிவிட்டி ரன் டேபிளில் இன்புட், அவுட்புட் இரண்டும் தனித்தனி நெடுவரிசையாகவே வந்து விழும்.

#5 மூன்றாம்ஷிஃப்ட்

அனுப்பறோம். அங்க ஒரு வருஷம் வெச்சிருக்கோம். இப்பதான் க்வெரி போட்டுப் பார்த்தேன். வேண்டாம், எத்தனை வரி வந்துதுன்னு சொல்லல.

#6 எலிப்பொறி

செக்யூரிட்டிப் பக்கத்து ஆள் நான். டிக்கெல்லாம் சரி, ஒரு சின்னக் கணக்கு. வால்ட்டைத் திறக்க எத்தனை பேருக்கு அனுமதி கொடுத்தீர்கள்? இரண்டு பேர், மூன்று பேர்? ஃபேக்டரியில் ரீடர் ரோல் எத்தனை பேருக்கு இருக்கிறது? லாக் அனலிடிக்ஸில்? வால்ட்டில் மூன்று பேருக்குப் பூட்டி வைத்ததை லாக்கில் முப்பது பேருக்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை ஆடிட்காரர்களும் கேட்க மாட்டார்கள். வால்ட்டைப் படிக்க அனுமதி யாருக்கு? ஃபேக்டரியின் மேனேஜ்டு ஐடென்டிட்டிக்கு, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் அஸூரே அதற்குக் கொடுக்கும் அடையாளத்துக்கு. ஃபேக்டரியில் பைப்லைன் எழுதி ஓட்ட முடிந்த எவருக்கும் அந்த அனுமதி மறைமுகமாகக் கிடைத்துவிடுகிறது. ஒரு வெப் ஆக்டிவிட்டி வைத்து ரகசியத்தை எடு, இன்னொன்றை வைத்து வெளி முகவரிக்கு அனுப்பு, செக்யூர் இன்புட், அவுட்புட் இரண்டையும் டிக் செய், டீபக் (சோதனை ஓட்டம்) அமுக்கு. பத்து நிமிட வேலை. வால்ட்டின் லாக்கில் ஃபேக்டரியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. தடயத்தை மறைக்க அதே டிக்தான் உதவுகிறது என்பதையும் கவனியுங்கள்.

புரொடக்‌ஷன் ஃபேக்டரியில் எந்த மனிதரும் கையால் எழுதக் கூடாது. கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை, இன்னொருவர் பார்வை, அப்புறம் ரிலீஸ். டெவ், டெஸ்ட், புரொடக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேக்டரி, தனி வால்ட். டெவ் ஃபேக்டரிக்குப் புரொடக்‌ஷன் வால்ட் இருப்பதே தெரியக் கூடாது.

#7 சோம்பேறிநரி

அப்ப வால்ட்டே தண்டம்ங்கிறீங்களா சார்?

#8 எலிப்பொறி

வால்ட் தண்டம் என்று எங்கே சொன்னேன்? வால்ட்டுக்குள் இருக்கும்போது ரகசியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே வந்து எங்கெங்கே நகல் எடுக்கிறது என்று யாரும் பின்தொடர்ந்து போவதில்லை, என் புகார் அது.

#9 குழாய்க்காரன்

எலிப்பொறி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எத்தனை இணைப்புகளில் ரகசியமே தேவையில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அஸூர் ஸ்டோரேஜுக்கும் அஸூர் எஸ்கியூஎல்லுக்கும் இன்னும் அக்கவுன்ட் கீயும் பாஸ்வேர்டும் வைத்திருப்பவர்கள் ஏராளம். மேனேஜ்டு ஐடென்டிட்டி போதும். எஸ்கியூஎல் பக்கம் "கிரியேட் யூசர்... ஃப்ரம் எக்ஸ்டர்னல் புரொவைடர்" என்று ஃபேக்டரியின் பெயரிலேயே ஒரு யூசர் உருவாக்கி, தேவையான ஸ்கீமாவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் பாஸ்வேர்டு என்ற பொருளே இல்லை. இல்லாததைத் திருட முடியாது.

ஸ்டோரேஜில் எல்லாரும் இடறும் கல் ஒன்று இருக்கிறது. ஓனர் ரோல் கொடுத்தும் பிளாப் (உள்ளே இருக்கும் ஃபைல்) படிக்க முடியாமல் 403, அதாவது "அனுமதி இல்லை", வரும். ஓனர் என்பது நிர்வாக உரிமை, உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு அல்ல. அதற்கு "ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர்" வேண்டும். இது தெரியாமல் எரிச்சலில் மறுபடி அக்கவுன்ட் கீக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கீ அந்த அக்கவுன்ட் முழுவதற்குமான சாவி.

மற்ற கிளவுடுகளிலும் இதே கதைதான். அமேசானில் க்ளூ (அங்கே டேட்டா நகர்த்தும் சர்வீஸ்) ஜாப்புக்கு ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் அமைப்பு) ரோல். அவர்களுடைய டேட்டாபேஸ் சர்வீஸான ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்றால் ஐஏஎம் டோக்கன் வைத்தே லாகின் செய்யலாம், டோக்கன் 15 நிமிடம்தான் செல்லும். கூகுளில் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு (மனிதருக்கல்ல, புரோகிராமுக்கான கணக்கு) ஜேசன் கீ ஃபைல் இறக்கி மெயிலில் அனுப்பும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். தனியாக எதுவும் கட்டுப்படுத்தாவிட்டால் அந்தக் கீக்குக் காலாவதியே கிடையாது. வெளியிலிருந்து வரும் ஜாப்புகளுக்கு வொர்க்லோட் ஐடென்டிட்டி ஃபெடரேஷன் இருக்கிறது, கீ ஃபைல் இல்லாமலே உள்ளே விடும் வழி.

#10 மூன்றாம்ஷிஃப்ட்

அஸூர் பக்கத்து இணைப்பெல்லாம் மாத்திடலாம் அண்ணா. எங்க ஆபீஸ் சர்வர்ல ஓடற போஸ்ட்கிரெஸ் ஒண்ணு, அந்த வெளி ஏபிஐ, அப்புறம் ஒரு வென்டாரோட எஸ்எஃப்டிபி (ஃபைல் பரிமாறற சர்வர்). இந்த மூணுக்கும் மேனேஜ்டு ஐடென்டிட்டி வேலைக்கு ஆகாதே?

#11 வெண்மதி

டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) பேசுகிறேன். போஸ்ட்கிரெஸ் என்றதும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பைப்லைன் எந்த யூசரில் உள்ளே வருகிறது? பெரும்பாலும் அப்ளிகேஷனின் யூசரையே கொடுத்திருப்பார்கள், "எப்படியும் வேலை செய்யுதே" என்று. பைப்லைனுக்கென்று தனி ரோல் போடுங்கள் தம்பி. படிக்க வேண்டிய டேபிளுக்கு, முடிந்தால் ஒரு வியூவுக்கு (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் சன்னல்), செலக்ட், அதாவது படிக்கும் அனுமதி மட்டும். திருட்டுப் போனாலும் சேதம் அந்த வியூவோடு நிற்கும். ரோலுக்கு ஒரு கனெக்‌ஷன் லிமிட்டும் போட்டுவிடுங்கள்.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் எஸ்எஸ்எல் மோட் என்ன? "ரெக்வயர்" என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ரெக்வயர் என்றால் வழி மட்டும்தான் என்கிரிப்ட் ஆகும். எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது, ரூட் சான்றிதழ் ஃபைல் தனியாக வைத்திருந்தாலொழிய. நடுவில் யாராவது நின்றுகொண்டு "நான்தான் சர்வர்" என்றால் கிளையன்ட் நம்பிவிடும். "வெரிஃபை-ஃபுல்" வைத்தால்தான் பெயரும் சான்றிதழும் பொருந்துகிறதா என்று பார்க்கும். சர்வர் பழையதென்றால் பாஸ்வேர்டு இன்னும் எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைவிடப் பத்திரமான ஸ்க்ரேம் முறை போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, 14இலிருந்து அதுதான் இயல்பு. பதிப்பை ஏற்றினால் மட்டும் பழைய யூசரின் எம்டி5 மாறாது. பாஸ்வேர்டை ஒரு முறை புதிதாக வைத்தால்தான் மாறும்.

பாஸ்வேர்டில் @ குறி இருந்து, அதை அப்படியே யூஆர்எல் வடிவக் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? %40 என்று எழுதாவிட்டால் சில லைப்ரரிகள் @ வரைக்கும் பாஸ்வேர்டு, மீதி ஹோஸ்ட் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் "இந்த ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று பாஸ்வேர்டின் பின்பாதியை எரர் மெசேஜில் அச்சடித்துக் கொடுக்கும். அந்த எரரை டீம் சாட்டில் ஒட்டி "யாராவது உதவுங்க" என்று கேட்டவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

#12 சோம்பேறிநரி

ஹாஹா அக்கா, கடைசி வரி.

நான் ஏர்ஃப்ளோ (டேட்டா ஜாப்பை நேரம் வெச்சு ஓட்டற டூல்) ஆள். எங்க ஊழலையும் கொட்டிடறேன். ஏர்ஃப்ளோவில கனெக்‌ஷன் பாஸ்வேர்டை மெட்டாடேட்டா டிபியில ஃபெர்னெட் கீ வெச்சு என்கிரிப்ட் பண்ணும். கீ காலியா இருந்தா? சாதாரண எழுத்தாவே சேமிச்சுடும். நான் சேர்ந்தப்ப எங்களோடது காலி. டாக்கர் கம்போஸ் ஃபைலை (ஏர்ஃப்ளோவை நிறுவற செட்டிங் ஃபைல்) எங்கயோ காப்பி அடிச்சுப் போட்டிருக்காங்க, அந்த வரியை யாரும் நிரப்பல. இதை நான் கண்டுபிடிச்சு, கீ போட்டு, அதே ஃபைல்ல வெச்சு, கிட்ல கமிட் பண்ணேன். பூட்டு வாங்கிப் போட்டுட்டுச் சாவியைப் பூட்டுலயே தொங்க விட்ட மாதிரி. அந்த ரெப்போவை (கோடு வெச்சிருக்கற களஞ்சியம்) எங்க கம்பெனியில எல்லாரும் படிக்கலாம்.

அப்புறம் கீயை மாத்தறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. உண்மையில சுலபம்தான், எனக்குத் தெரியல. புதுக் கீ, கமா, பழைய கீ, இந்த வரிசையில குடுத்துட்டு "ரொட்டேட்-ஃபெர்னெட்-கீ" கமாண்ட் ஓட்டினா எல்லாத்தையும் புதுசுல எழுதிடும். பிறகு பழசைத் தூக்கிடலாம். ஹோஸ்ட், லாகின் ரெண்டும் எப்படியும் என்கிரிப்ட் ஆகாது, பாஸ்வேர்டும் எக்ஸ்ட்ராவும் மட்டும்தான்.

இப்ப சீக்ரெட்ஸ் பேக்கெண்டுக்கு, அதாவது வெளி வால்ட்டுலேர்ந்து எடுக்கற முறைக்கு, வந்துட்டோம். அங்கயும் ஒரு கோமாளித்தனம் பண்ணேன். டேக் ஃபைலோட (ஜாப்போட படிகளை எழுதற ஃபைல்) மேல்மட்டத்துலயே வேரியபிளைக் கூப்பிட்டிருந்தேன், டாஸ்க்குக்கு உள்ள இல்லாம. ஷெட்யூலர் அந்த ஃபைலை அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பப் படிக்கும். ஒவ்வொரு தரமும் வால்ட்டுக்கு ஒரு கால். நாலு நாள்ல வால்ட் "போதும்பா"ன்னு 429 (அளவுக்கு மீறிக் கேக்கறேங்கற எரர்) அடிச்சுது.

#13 நோட்புக்வாசி

டேட்டாபிரிக்ஸில் (நோட்புக்ல கோடு எழுதி டேட்டாவை அலசற தளம்) சீக்ரெட் ஸ்கோப், அதாவது ரகசியத் தொகுப்பு, வெச்சிருக்கோம். பிரின்ட் பண்ணா "ரிடாக்டட்"னு (மறைச்சாச்சு) தான் வருது. அப்ப நாங்க பத்திரம்தானே?

#14 எலிப்பொறி

அந்த மதிப்பை ஒரு ஃபார் லூப்பில் போட்டு, எழுத்துக்கு எழுத்து நடுவில் ஒரு இடைவெளி விட்டு பிரின்ட் செய்து பாருங்கள்.

#15 நோட்புக்வாசி

அய்யோ.

#16 எலிப்பொறி

மறைப்பு என்பது கை தவறி வெளியே வருவதைத் தடுக்க. வேண்டுமென்றே எடுப்பவனை அது தடுக்காது, அவர்களுடைய ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஸ்கோப்பைப் படிக்க அனுமதி யாருக்கு என்பதுதான் உண்மையான பூட்டு.

ஸ்பார்க்கிலும் (பெரிய டேட்டாவைப் பல மெஷினில் பிரித்து ஓட்டும் கருவி) இதே சங்கதி. செட்டிங் பெயரில் சீக்ரெட், பாஸ்வேர்டு, டோக்கன் மாதிரி சொற்கள் இருந்தால் யூஐயில் மறைக்கும். நீங்கள் சுருக்கமாக "பிடபிள்யூடி" என்று பெயர் வைத்திருந்தால் அதற்கு அது ரகசியமே இல்லை. ஸ்பார்க் சப்மிட்டில் கமாண்ட் லைனிலேயே கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம், அந்த மெஷினில் "பிஎஸ்" (ஓடும் புரோகிராம்களைக் காட்டும் கமாண்ட்) அடிக்கிற எல்லாருக்கும் தரிசனம்.

#17 பழையபானை

எல்லாம் சரி. இந்த 90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றும் சடங்கு வேண்டுமா, வேண்டாமா? பாஸ்வேர்டைக் கெடு வைத்து மாற்றச் சொல்லாதே என்று நிஸ்ட் (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) 2017லேயே சொல்லிவிட்டது. எங்கள் மேனேஜர் கேட்க மாட்டேன் என்கிறார். மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பைப்லைன் படுக்கிறது. எனக்கென்னவோ இதனால் வரும் தொல்லைதான் திருட்டைவிட அதிகம்.

#18 வெண்மதி

நிஸ்ட் சொன்னது மனிதர்கள் மனப்பாடம் செய்து வைக்கும் பாஸ்வேர்டுக்கு. கெடு வைத்தால் மனிதர் கடைசி எழுத்தை 1இலிருந்து 2ஆக்குவார், அதனால் சொன்னார்கள். பைப்லைனுக்கு மனப்பாடம் என்ன வந்தது? 40 எழுத்தை இயந்திரமே உருவாக்கி இயந்திரமே படிக்கிறது.

#19 எலிப்பொறி

2024இல் ஸ்னோஃப்ளேக் (கிளவுட் டேட்டா கிடங்கு) வாடிக்கையாளர்களின் கணக்குகளில் புகுந்தார்களே, ஸ்னோஃப்ளேக்கை யாரும் உடைக்கவில்லை. எங்கெங்கோ தனியார் கணினிகளில் மால்வேர் திருடிய யூசர் பெயரும் பாஸ்வேர்டும், சில 2020இலேயே திருடப்பட்டவை. நாலு வருஷம் கழித்தும் செல்லுபடியானது. ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை, எந்த ஐபியிலிருந்து வரலாம் என்ற வரம்பும் இல்லை. பழையபானை சாரின் மேனேஜர் பக்கம்தான் நான்.

#20 பழையபானை

ஐபி வரம்பு வைத்திருந்தாலே நின்றிருக்குமே? அதற்கு ஏன் ரொட்டேஷன் என்ற இந்த மாற்றும் சடங்கு?

#21 குழாய்க்காரன்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் "மாற்றினால் பைப்லைன் படுக்கிறது" என்பது மாற்றும் முறையின் குறை. பாஸ்வேர்டை மாற்றும் நொடிக்கும் வால்ட்டில் புதியது ஏறும் நொடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஏற்கெனவே திறந்த இணைப்பு தப்பித்துவிடும், போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு மாறியதற்காக ஓடும் செஷனை அறுக்காது. இரண்டு மணி நேர ஜாப் பாதியில் ரீட்ரை செய்யும்போது புது இணைப்பு கேட்கும், தொடக்கத்தில் வாங்கி வைத்த பழைய பாஸ்வேர்டைக் கொடுக்கும், விழும்.

இரண்டு யூசர் வையுங்கள். ஒரே அனுமதிகள், இரண்டு பெயர். இப்போது அ ஓடுகிறது என்றால் ஆ-வின் பாஸ்வேர்டை மாற்றி, அதை வைத்து ஒரு முறை லாகின் செய்து பார்த்து, பிறகு வால்ட்டில் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்றுங்கள். அ-வைத் தொடாதீர்கள். அடுத்த சுற்றில் அதன் முறை வரும். உங்களுடைய மிக நீளமான ஜாப்பைவிடச் சுற்று நீளமாக இருந்தால் எதுவும் படுக்காது. அமேசான் சீக்ரெட்ஸ் மேனேஜரில் இந்த மாறிமாறி முறை தயாராகவே இருக்கிறது. உருவாக்கு, போடு, சோதி, முடி என்று லாம்ப்டா (அமேசானில் ஓடும் சின்னப் புரோகிராம்) நாலு படியாக ஓடும், சோதனை தோற்றால் நடப்பு மதிப்பு மாறாது. ஸ்னோஃப்ளேக்கில் கீ-பேர் (பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஜோடி) லாகினுக்கு ஒரே யூசருக்கு இரண்டு பப்ளிக் கீ இடம் கொடுத்திருப்பதும் இதற்காகத்தான்.

#22 பழையபானை

இரண்டு யூசர் யோசனை எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை பேசிப் பார்க்கிறேன். மேனேஜரிடம் நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

#23 எலிப்பொறி

மூன்றாம்ஷிஃப்ட், எஸ்எஃப்டிபிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாஸ்வேர்டுக்குப் பதில் கீ வாங்கிக்கொள்வார்களா என்று வென்டாரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம் உங்கள் ஐபியை மட்டும் அனுமதிக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் அவர்களுடைய ஹோஸ்ட் கீ கைரேகையை (எதிரில் இருப்பது அவர்கள் சர்வர்தான் என்று காட்டும் அடையாளம்) சரிபார்க்கச் செய்யுங்கள். ஃபேக்டரியின் எஸ்எஃப்டிபி இணைப்பில் "ஸ்கிப் ஹோஸ்ட் கீ வேலிடேஷன்" என்று ஒன்று இருக்கும். உங்களுடையதில் அது ட்ரூ என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

#24 மூன்றாம்ஷிஃப்ட்

பந்தயம் நீங்கதான் ஜெயிச்சீங்க சார்.

#25 மூன்றாம்ஷிஃப்ட்

பத்து நாள் ஆச்சு, என்ன நடந்துதுன்னு சொல்லிடறேன்.

ஸ்டோரேஜ், எஸ்கியூஎல் எல்லாம் மேனேஜ்டு ஐடென்டிட்டிக்குப் போயாச்சு. வால்ட்ல 31 சீக்ரெட் இருந்தது, இப்ப 7. மீதிய எடுத்துப் போட்டப்ப ஒண்ணுமே உடையல. வெப் ஆக்டிவிட்டியில ரெண்டு பக்கமும் டிக் போட்டாச்சு. வென்டார் எஸ்எஃப்டிபிக்கு கீ குடுக்க ஒரே மெயில்ல ஒத்துக்கிட்டாங்க, எலிப்பொறி சார் சொன்ன மாதிரியே. பழைய பாஸ்வேர்டை ரெப்போ முழுக்கத் தேடினேன். மூணு வருஷத்துக்கு முந்தின ஒரு கமிட்ல போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு கிடைச்சுது. அடுத்த கமிட்லயே "பாஸ்வேர்டு நீக்கம்"னு மெசேஜ் போட்டு எடுத்திருக்காங்க. கமிட் மெசேஜே வழிகாட்டிப் பலகை. அது இன்னிக்கு வரைக்கும் மாறவே இல்ல.

ஹிஸ்டரிய முதல்ல சுத்தம் பண்ணட்டுமா, பாஸ்வேர்டை முதல்ல மாத்தட்டுமா?

#26 வெண்மதி

பாஸ்வேர்டுதான் முதலில். ஹிஸ்டரியை எத்தனை தேய்த்தாலும் ஏற்கெனவே க்ளோன் (முழு நகல்) எடுத்தவர் கணினியில் அது இருக்கும்.

புது ரோலுக்கு மாறுங்கள், பழைய ரோலை டிராப் செய்யாதீர்கள். முதலில் லாக் கனெக்‌ஷன்ஸை ஆன் செய்து ஒரு வாரம் பாருங்கள், பழைய ரோலில் எந்த ஐபியிலிருந்து யார் வருகிறார்கள் என்று தெரியும். பிறகு "நோலாகின்" (அந்த ரோலில் யாரும் புதிதாக உள்ளே வர முடியாது) போடுங்கள். ஏதாவது அலறினால் ஒரே கமாண்டில் திருப்பிவிடலாம், ஓடும் செஷனும் அறுபடாது.

#27 மூன்றாம்ஷிஃப்ட்

அக்கா, ஒரு வாரம் லாக் பார்த்தேன். எங்க பைப்லைன் எல்லாம் புது ரோலுக்கு வந்தாச்சு. ஆனா பழைய ரோல்ல தினமும் விடியக்காலை 2.10க்கு ஒரே ஐபியிலேர்ந்து ஒரு கனெக்‌ஷன் வருது. நாலு நிமிஷம் இருந்துட்டுப் போகுது. அப்ளிகேஷன் பெயர் காலி. நெட்வொர்க் டீம்ல கேட்டா "அது பழைய ரிப்போர்ட்டிங் சர்வர், போன வருஷமே நிறுத்திட்டோமே"ங்கறாங்க. அனலிடிக்ஸ் டீமுக்குத் தெரியல. என் மேனேஜருக்கும் தெரியல.

நேத்து சாயங்காலம் நோலாகின் போட்டேன். 2.10க்கு முழிச்சு உட்கார்ந்திருந்தேன். மூணு தரம் தட்டிப் பார்த்துட்டு நின்னுடுச்சு. காலைலேர்ந்து யாரும் எதுவும் கேட்டு வரல.

#28 எலிப்பொறி

கேட்டு வரும் வரை திறக்காதீர்கள். அந்த ஐபியின் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.